சித்தியின் பழைய விசைப்பலகை

பொய் சொன்னேன். என் சித்தியிடம், அவர் கடையில், அவருடைய கணினியின் முன்னால் உட்கார்ந்துகொண்டே சொன்னேன்.

"பழைய டைப்ரைட்டர் கீபோர்டு இதுல கிடையாது சித்தி."

இருந்தது! அந்த நொடியில், என் கண்ணெதிரே, திரையிலேயே இருந்தது.

இதெல்லாம் ஒரு குற்றமா என்று நீங்கள் கேட்கலாம். முழுவதையும் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

சித்தி ஸ்ரீவில்லிபுத்தூரில் கோர்ட்டுக்கு எதிரே டைப்பிங் கடை வைத்திருக்கிறார். மனு எழுத வருகிறவர்கள் ஸ்டூலில் உட்கார்ந்து தங்கள் பேச்சில் சொல்லிக்கொண்டே போவார்கள். அவர்கள் நிறுத்தும்போது, மனுவுக்குரிய தமிழில் எல்லாம் திரையில் ஏறியிருக்கும். யாரையும் நடுவில் நிறுத்தமாட்டார். அதற்காகவே வன்னியம்பட்டியிலிருந்தும் தேடி வருவார்கள். இளவயதில் தட்டச்சு இன்ஸ்டிட்யூட்டில் பழகிய விரல்கள். கடைக்குக் கணினி வந்த பிறகும் எழுத்துகள் அதே விசைகளில்தான் இருந்தன.

வருகிறவர்களின் பென்டிரைவ் வழியே வைரஸ் புகுந்து புகுந்து, பழைய விண்டோஸ் திணறியது. "நீதான் படிச்சவளாச்சே, ஒரு வழி பண்ணுட்டி" என்றார். ராஜபாளையத்திலிருந்து பஸ் ஏறினேன்.

விண்டோஸை எடுத்துவிட்டு, இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸைப் போட முடிவு செய்தேன். அதில் பல வகை, எதைப் போடுவது? பழைய கணினியில் ஓட வேண்டும், பிரிண்டரை அடையாளம் காண வேண்டும், முகப்பு சித்தியை மிரட்டக்கூடாது... சிலவற்றைப் பென்டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்த்து, இருப்பதில் லேசான ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். கோப்புகளைப் பத்திரப்படுத்திவிட்டு நிறுவினேன். பிரிண்டர் முதல் முயற்சியிலேயே வேலை செய்தது! கட்டற்ற மென்பொருள் என்றால் என்ன என்று அவருக்கு விளக்கம் வேறு கொடுத்தேன்.

"எது வேணுமோ நீங்களே தேர்ந்தெடுத்துக்கலாம் சித்தி. யாரும் கட்டாயப்படுத்த முடியாது."

கடைசி வேலை, தமிழ் உள்ளீடு. எழுத்துகளை வேறு விசைகளில் அடுக்கிய புதிய விசைப்பலகை அமைப்பான தமிழ்99 இருந்தது. பழைய தட்டச்சு அமைப்பும் இருந்தது. நான் தமிழ்99-ஐ மட்டும் சேர்த்தேன். அப்போதுதான் அந்தப் பொய்.

"எது வேணும்னாலும் எடுத்துக்கலாம்னியே? நான் கேக்கது மட்டும் எப்படிடி இல்லாமப் போச்சு?" சிரித்துக்கொண்டுதான் கேட்டார்.

தமிழ்99 எளிது, அவருக்கு நல்லதுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மைக் காரணம் வேறு. பழைய அமைப்பு எனக்குத் தெரியாது. நாளைக்கு அதில் ஏதாவது எழுத்து இடம்மாறி விழுந்தால் என்னால் சரிசெய்ய முடியாது... எனக்கு வசதியானதை அவர் தலையில் கட்டினேன்!

அடுத்த முறை போனபோது, சித்தி ஒவ்வொரு எழுத்தாகத் தேடிக்கொண்டிருந்தார். எதிரே ஓய்வுபெற்ற போலீஸ்காரர் ஒருவர்.

"என்ன தாயி, வெரல்ல சுளுக்கா? நான் கதைய முடிச்சிட்டேன், நீ இன்னும் எம்பேருலயே நிக்க!"

கடையே சிரித்தது. சித்தியும் சிரித்தார்.

அவருக்குப் பின் ஒரு அம்மா வந்தார். மகன் வீட்டைவிட்டுத் துரத்திவிட்டானாம். அழுகையும் பேச்சுமாக ஆரம்பித்தார். "செத்த பொறுங்கக்கா" என்றார் சித்தி. அந்த அம்மா மறுபடி ஆரம்பித்தார். மறுபடியும் "செத்த பொறுங்க"... முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "பொறவு வாரேன் தாயி" என்று எழுந்து போய்விட்டார். திரும்பி வரவே இல்லை.

அப்போதாவது சொல்லியிருக்கலாமே? ஒரு சொடுக்குதானே! சொன்னால் பொய் வெளியே வந்துவிடும்.

இன்று எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. கணினி நின்றுபோவதில்லை. சித்தி பழைய வேகத்தைத் தொட்டுவிட்டார். "எங்க அக்கா மக போட்டுக் குடுத்தது" என்று பக்கத்துக் கடைகளில் பெருமை பேசுகிறார். கேட்க எனக்கு மகிழ்ச்சியாகவே இருக்கிறது, அதை மறைக்க விரும்பவில்லை.

போன வாரம் போனபோது சொன்னார்: "ஏட்டி, பழசு இல்லாமப் போனதும் நல்லதுக்குத்தான். இருந்திருந்தா நான் இதைப் படிச்சிருக்கவே மாட்டேன்."

இது மன்னிப்பு என்கிறீர்களா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. இல்லை என்று நான் சொன்னதை நம்பியவர் தேடிக்கொண்ட ஆறுதல் அது. அந்த ஸ்டூலிலிருந்து எழுந்து போன அம்மாவுக்கு அந்த ஆறுதலும் இல்லை.

டீ வரும்வரை மேசை விளிம்பில் சித்தியின் விரல்கள் தாமாக ஓடிக்கொண்டிருந்தன. தமிழ்99 இல்லை, அது எனக்குப் பார்த்ததும் தெரியும். பழைய அமைப்பு. சரளமாக, எங்கும் தடுக்காமல் எதையோ அடித்துக்கொண்டிருந்தார்...

என்னவென்று என்னால் வாசிக்க முடியவில்லை.