பிள்ளைச்சாவடியில் ஒரு நீலச் சுவர்

நிச்சயத்துக்கு முன்பே போட்டோ எடுத்துவிட வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவன் நான்தான். மண்டபத்தில் பெரிய திரை வைத்து இப்போதெல்லாம் எல்லோரும் காட்டுகிறார்கள். நமக்கும் இருக்கட்டுமே என்ற ஆசை. கல்லூரியில் என்னோடு படித்தவன் ஒருவன் போட்டோ தொழிலில் இருந்தான். அவனும் நானும் பைக்கில் இடம் தேடி அலைந்தோம்.

பிரெஞ்சுக்காரர் தெருக்களில் மஞ்சள் சுவர்களுக்கு முன்னால் ஜோடிகள் வரிசையில் காத்து நின்றார்கள். கடற்கரைச் சாலையில் எந்தப் பக்கம் திரும்பினாலும் கூட்டம். அப்படியே வடக்கே போய், காலாப்பட்டுக்கு முன்னால் இருக்கும் பிள்ளைச்சாவடியில் கடலை நோக்கித் திரும்பினோம். அங்கே இடிந்த வீடு ஒன்று. கூரை இல்லை, தரையில் பாதி இல்லை. நீல வண்ணம் அடித்த ஒரு சுவரும் அதில் கதவில்லாத வாசல் நிலையும் மட்டும் மிச்சம். நிலைக்குள்ளே கடல் தெரிந்தது.

"இத விட்டா வேற எடம் கெடைக்காதுடா" என்றான் நண்பன். எனக்கும் அப்படித்தான் பட்டது.

எங்கே போகிறோம் என்று எனக்குப் பேசி முடித்திருந்த பெண்ணிடம் சொல்லவில்லை. நேரில் பார்த்து வியக்கட்டும் என்று நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமை காலை முத்தியால்பேட்டையில் அவர்களுடைய வாடகை வீட்டிலிருந்து புறப்பட்டோம். பெண்ணைத் தனியாக அனுப்ப மனமில்லாமல் அவளுடைய அம்மாவும் கூட வந்தார். நண்பன் கார் ஓட்டினான். பிள்ளைச்சாவடியில் கார் திரும்பியதும் பின்சீட்டில் பேச்சு நின்றுபோனது. கவனித்தேன், ஆனால் ஏன் என்று கேட்கவில்லை.

இறங்கியவள் கார் கதவைப் பிடித்தபடியே நின்றாள்.

"ஏன், புடிக்கலையா?" என்றேன்.

"இது எங்க வூடு" என்றாள்.

எனக்குச் சட்டென்று விளங்கவில்லை. அதற்குள் அவளுடைய அம்மா செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு இடிபாடுகளுக்குள் போயிருந்தார். பின்னாலேயே போனேன்.

"இங்கதான் தம்பி அடுப்படி. அதோ அல அடிக்குது பாருங்க, அங்க கெணறு. அதுக்கும் அந்தாண்ட ரெண்டு வரிச வூடு இருந்திச்சு. எல்லாம் ஒவ்வொரு மழைக்கும் கொஞ்சம் கொஞ்சமா கடலுக்குள்ள போச்சு. எங்க முறை வந்தப்ப நாங்களும் கெளம்பிட்டோம். இந்தச் செவுரு அவரே நின்னு பூசினது."

அவர் என்றது அவளுடைய அப்பாவை. வாடகை வீட்டுக்கு வந்த இரண்டாம் வருடமே இறந்துபோனவர்.

"தெரியாம பண்ணிட்டேம்மா. போயிடலாம்" என்றேன்.

"உங்க மேல என்ன தப்பு? பாக்க அழகாத்தான இருக்குது."

அவர் என்னைத் திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது.

பிறகு நண்பனிடம் திரும்பினார். "என்னையும் எம்பொண்ணையும் இங்க வச்சி ஒன்னு எடுத்துக் குடுப்பா. இந்த வூட்ட நாங்க போட்டோவே எடுத்து வச்சுக்கல."

நண்பன் காரிலிருந்து கேமராவை எடுத்துவந்தான். அம்மா சுவரில் உள்ளங்கையை ஊன்றி நின்றார். பட்டுப்புடவையில் அவள் அம்மாவின் தோளோடு ஒட்டி நின்றாள். நான் தள்ளிப்போய், கடலுக்குத் தடுப்பாகக் கொட்டியிருந்த கருங்கற்கள் மேல் உட்கார்ந்துகொண்டேன்.

திரும்பும்போது நண்பன் மெதுவாகக் கேட்டான். "வேற எங்கியாவது போலாமா?"

"வேணாம். மண்டபத்துல திரையும் வேணாம்" என்றேன்.

கொஞ்ச தூரம் போன பிறகு அவள் பேசினாள். "பொண்ணு பாக்க வந்தப்ப எவ்ளோ கேட்டீங்க. என்ன படிச்ச, என்ன வேல, கல்யாணத்துக்கப்புறம் போவியான்னு. எங்க வளந்தேன்னு ஒரு வார்த்த கேக்கல."

"காலாப்பட்டு பக்கம்னு தரகர் சொன்னாரு. அதோட விட்டுட்டேன்."

"நானும் சொல்லல. சொன்னா பாவமா பாப்பீங்கன்னு இருந்துட்டேன்."

நான் முன்சீட்டிலிருந்து உடம்பைத் திருப்பி அவளைப் பார்த்து உட்கார்ந்தேன். கடலுக்கு அவ்வளவு கிட்டத்தில் கிணற்றுத் தண்ணீர் உப்புக் கரிக்காதா என்று கேட்டேன்.

"இல்ல, நல்ல தண்ணிதான். தெருவே எங்க வூட்லதான் மொள்ளும்" என்றாள். அங்கிருந்து தொடங்கியவள் முத்தியால்பேட்டை வரும்வரை நிறுத்தவில்லை. தவறிய இடங்களில் அவளுடைய அம்மா திருத்திக்கொண்டே வந்தார்.