மிச்சமிருந்த ஒன்பது கரண்டு

1957 செப்டம்பர் 12, வியாழக்கிழமை. நாலரைக்கு எழுந்தேன். தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆறவிட்டேன். ஐந்தேகாலுக்குத் தங்கையை எழுப்பி, வலது அக்குளையும் ஆபரேஷன் செய்த இடத்தையும் பழைய வேட்டித் துணியால் ஒற்றி எடுத்தேன். தேய்க்கக் கூடாது, ஒற்ற மட்டும்தான் வேண்டும். புண் ஆறி இளந்தோல் வந்திருந்தது. ஆறு மணிக்கு மோர் விட்ட கேப்பைக் கூழ். அரை டம்ளர் குடித்தாள். பள்ளிக்கூடத்தில் முந்தின நாளே விடுப்பு எழுதிக் கொடுத்திருந்தேன். எட்டு மணிக்கு, தங்கை சொன்னதையும் நான் கண்டதையும் தேதி போட்டு எழுதிவந்த டைரியைக் கைப்பையில் வைத்துக்கொண்டு போடியில் ராசிங்காபுரம் பஸ் ஏறினேன். அந்த ஊரில் அன்று தங்கையின் புருஷனுக்கு இரண்டாம் தாரமாக ஒரு பெண்ணைப் பேசிப் பூ வைக்க இருந்தார்கள். அதைக் கெடுக்கத்தான் போனேன். வேறு நோக்கம் எதுவும் இல்லை.

தங்கைக்கு முப்பத்தாறு வயது, பிள்ளை இல்லை. மலையில், மெட்டுக்கு மேலே புருஷனுடைய ஏலத்தோட்டத்தில் பதினேழு வருஷம் காய் ஆய்ந்தாள். மார்பில் கட்டி என்று மாமியாரிடம் அவள் சொன்னது முந்தின அக்டோபரில். "சூட்டுக் கட்டி. காய் எடுப்பு முடியட்டும்" என்று பச்சிலை வைத்துக் கட்டினாள் அந்த அம்மாள். காய் எடுப்பு முடிந்து பிப்ரவரியில் என்னிடம் வந்து சேர்ந்தபோது கட்டி எலுமிச்சம்பழ அளவு இருந்தது. மதுரையில் ஆபரேஷன். பிறகு கரண்டு. மிஷின் ஒளியைத்தான் எல்லாரும் அப்படிச் சொன்னார்கள். ஒளி விழ வேண்டிய இடத்தைச் சுற்றி ஊதா மையால் கோடு போட்டு, இருபத்தைந்து முறை முடியும்வரை அது அழியக் கூடாது, எண்ணெய் படக் கூடாது என்றார் டாக்டர்.

பதினாறு முடிந்தது. சுதந்திர தினத்தோடு சேர்த்து நான்கு நாள் இடைவெளி கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். மாப்பிள்ளை ஜீப்போடு வந்து நின்றார். "அம்மா பாக்கணுங்குது மதினி, ஞாயித்துக்கிழமை கொண்டாந்து விட்டுர்றேன்." நானும் அனுப்பினேன். வெள்ளிக்கிழமை அந்த அம்மாள் மருமகளை உட்கார வைத்து, கரண்டு வைத்த சூடு இறங்கட்டும் என்று உச்சி முதல் எண்ணெய் தேய்த்துச் சீயக்காய் போட்டுக் குளிப்பாட்டியிருக்கிறாள். மைக்கோட்டை அழுக்கென்று நினைத்துத் தேங்காய் நாரால் தேய்த்திருக்கிறாள். கோட்டோடு தோலும் வந்துவிட்டது. டாக்டர் என்னைத்தான் திட்டினார். ஆறின பிறகு செப்டம்பர் 16-ம் தேதி வரச் சொன்னார். புது மை, மிச்சம் ஒன்பது.

அறியாமல் செய்தது என்று அதைக்கூட விட்டிருப்பேன். ஆனால் 10-ம் தேதி ராசிங்காபுரத்துத் தயிர்க்காரம்மா வந்து, "டீச்சரம்மா, ஒங்க மாப்ளைக்கு எங்கூர்ல பொண்ணு பேசியாச்சாம்ல? பொரட்டாசி பொறக்கறதுக்குள்ள பூ வச்சிரணும்னு வெரசாப் பண்றாக" என்றாள். தங்கை உள்ளேயிருந்து கேட்டுவிட்டாள். அன்று சாயங்காலம் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டு சொன்னாள்: "ஒம்போதும் வேணாங்க்கா. அங்க என் எடத்துக்கு ஆளு வந்தாச்சு. நான் பொழச்சு எங்க போறது?"

பெண் வீட்டில் பாய் விரித்துப் பத்திருபது பேர் உட்கார்ந்திருந்தார்கள். தட்டில் பூவும் புடவையும் இருந்தன. என்னைப் பார்த்ததும் தங்கையின் மாமியார் முகம் வெளுத்தாலும் வாய் குறையவில்லை. "வா ஆத்தா, நீயும் வந்திட்டியா? உக்காரு, காப்பி குடி."

நான் பெண்ணின் தகப்பனாரைப் பார்த்துக் கேட்டேன். "அண்ணே, என் தங்கச்சியைப் பத்தி ஒங்ககிட்ட என்ன சொன்னாக?"

"டாக்டரு கைவிட்டுட்டாராம், ஐப்பசியைத் தாண்டாதுன்னாக" என்றார் அவர்.

"காலையில கூழு குடிச்சா. நாலு நாள்ல மதுரைக்குப் போறா" என்று சொல்லி டைரியைப் பிரித்தேன்.

"நோட்டுல எழுதி வச்சா எல்லாம் நெசமாயிருமாக்கும்?" என்றாள் மாமியார்.

"வாசிங்க டீச்சர்" என்றார் தகப்பனார்.

நின்றபடியே வாசித்தேன். தேதி, கிழமை, யார் என்ன சொன்னார்கள், அவ்வளவுதான். காய் எடுப்பு முடியட்டும் என்றது. பச்சிலை வைத்தது. எண்ணெய், சீயக்காய், தேங்காய் நார். குரலை உயர்த்தவில்லை. வகுப்பில் வருகைப் பதிவு வாசிப்பதுபோலத்தான் வாசித்தேன். நார் என்ற இடத்தில் பெண்கள் பக்கம் யாரோ "அய்யய்யோ" என்றார்கள். அதற்காகவே அந்த வரியை இன்னொரு முறை வாசித்தேன்.

"சூட்டுக்குத்தான தேச்சேன்? கொல்லவா தேச்சேன்?" என்று மாமியார் எழுந்தாள்.

"சூடு சூடுங்கிறியே, ஒன் வகுத்தெரிச்சலுக்கு எந்த எண்ணெ தேய்க்கிற ஆத்தா?" என்றாள் பின்வரிசையில் இருந்த ஒரு கிழவி. சிரிப்பு கிளம்பியது.

மாப்பிள்ளை தலை நிமிரவில்லை. "புதுச் சட்டை நல்லாருக்கு மாப்ளே" என்றேன். "மொத பொண்டாட்டி இருக்க ரெண்டாவது கட்டுனா இப்ப ஜெயிலு. சட்டம் வந்து ரெண்டு வருசமாச்சு. அங்க இந்தச் சட்டையைப் போட விட மாட்டாக."

தகப்பனார் தட்டைத் தன் கையால் எடுத்து மாமியாரின் முன்னால் நகர்த்தி வைத்தார். அவள் அதை எடுத்துக்கொண்டு ஜீப் ஏறும்வரை நின்று பார்த்தேன். ஏறும்போது புடவைத் தலைப்பு கதவில் மாட்டியது. யாரும் எடுத்துவிடவில்லை. நானும் எடுத்துவிடவில்லை. இன்றுவரை அதற்காக நான் வருந்தியதில்லை.

பதினொன்றே முக்காலுக்கு வீடு வந்தேன். கதையைக் கேட்ட தங்கை எழுந்து உட்கார்ந்தாள். "அந்தம்மா மூஞ்சி எப்படி இருந்துச்சு? ஒண்ணு விடாமச் சொல்லுக்கா." சொன்னேன். கிழவி கேட்டதை மூன்று தடவை சொல்ல வைத்தாள். சிரித்ததில் தையல் போட்ட இடம் இழுத்து, வலியில் பல்லைக் கடித்தாள். பிறகும் சிரித்தாள். சோறு போடச் சொன்னாள். பாதி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, "திங்கக்கிழமை ரயிலு எத்தன மணிக்கு?" என்றாள். சொன்னேன். இன்னும் கொஞ்சம் ரசம் கேட்டாள்.

"அவுக சும்மா இருக்க மாட்டாக. வேற ஊரு தேடுவாக" என்றாள் கை கழுவும்போது. நானும் பஸ்ஸில் வரும்போது அதைத்தான் யோசித்திருந்தேன்.

மறுநாள் காலையில் முதல் வேலையாக, அடுப்புப் பற்ற வைப்பதற்கும் முன்னால், நான்கு தபால் கார்டுகளை எடுத்து, பொட்டிபுரம், சிலமலை, தேவாரம், கோம்பை ஊர்களில் எனக்குத் தெரிந்த வாத்தியார்களுக்கு ஒரே வாசகத்தை எழுதினேன். இன்ன தோட்டத்துக்காரருக்கு மனைவி இருக்கிறாள், பெண் கேட்டு வந்தால் ஊரில் சொல்லவும். தங்கை பேனாவை வாங்கிக்கொண்டாள். ஆபரேஷனுக்குப் பிறகு வலது கை வீங்கியிருந்ததால் இடது கையால், ஒவ்வொரு கார்டின் அடியிலும் கோணல்மாணலாக எழுதினாள்: "நான்தான் அந்த மனைவி. சுகம்."