கதவோரம் கழற்றிய பட்டை

ஐப்பசியில் ஒரு வெள்ளிக்கிழமை ஞானசம்பந்தம் பனியன் கம்பெனியை விட்டுப் போனார். நடந்து போகவில்லை. பேக்கிங் ஹால் கதவருகே விழுந்து இடுப்பெலும்பு முறிந்தவரைத் துணி தள்ளும் வண்டியில் ஏற்றி, கேட் வரை தள்ளிக்கொண்டு போனார்கள். வண்டியில் குழந்தைகளுக்கான பனியன்கள் கிடந்தன. "மெல்லத் தள்ளுங்க சாமி, பீஸு அழுக்காயிரும்" என்றாராம்.

வீரபாண்டியில் எங்கள் எதிர்வீட்டுக்காரர் அவர். ஊர் ஊராகச் சுற்றிவிட்டு நான் திரும்பி வந்த அன்று அவர் கேட்ட முதல் கேள்வி, "மறுக்கா எப்பக் கண்ணு கெளம்பறே?"

தைக்கும்போது ஒடிந்த ஊசித் துணுக்கு ஏதாவது உடுப்பில் சிக்கியிருக்கிறதா என்று மெஷினில் விட்டுப் பார்ப்பது அவர் வேலை. பேக்கிங் ஹாலுக்குள் பொட்டு இரும்புகூடப் போகக்கூடாது என்பது கம்பெனிச் சட்டம். அவர் அதை வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார். வாட்ச் கட்டமாட்டார். வெள்ளி அரைஞாணைக் கழற்றிவிட்டுக் கறுப்புக் கயிற்றுக்கு மாறினார். ஞாயிற்றுக்கிழமைகளில்கூடத் துண்டை உதறி, ஓரமெல்லாம் விரலால் தடவிப் பார்த்த பிறகே தோளில் போடுவார்.

பார்க்கின்சன் முதலில் கையில் வந்தது. நடுங்கும் கையோடு வேலை பார்த்தார். பிறகு கால். வீட்டில் அவசரமில்லை, நடை தடையில்லாமல் வரும். ஹால் கதவருகே, பின்னால் வண்டியும் ஆட்களும் நெருக்கும்போது, பாதங்கள் தரையோடு ஒட்டிக்கொள்ளும்.

"என்னங்ண்ணா, சாமி வந்துருச்சுங்களா? வாக்குச் சொல்லுங்க" என்பான் பேக்கிங்கில் இருக்கும் ராஜ்கமல்.

"இன்னிக்கு உனக்கு நைட்டு வேலை உண்டுன்னு வருதுடா" என்பார் இவர், அசைய முடியாமல்.

கோவையில் ஓர் ஆஸ்பத்திரியில் அவருக்கு சென்சார் கொடுத்தார்கள். தீப்பெட்டி அளவு, பட்டையோடு. கணுக்காலுக்கு ஒன்று, இடுப்புக்கு ஒன்று. கால் எப்போது நின்றுபோகிறது என்று அது பதிந்துகொள்ளும், அதைப் பார்த்து மாத்திரையை மாற்றலாம், வெளியே போனாலும் கட்டியே இருங்கள் என்றார் டாக்டர். கால் சரியானால்தான் வேலை நிலைக்கும். அவர் மனைவி தெய்வாத்தாள் அக்கா தினமும் காலையில் தவறாமல் குனிந்து பட்டையைக் கட்டிவிடுவார்.

விழுந்த பிறகு, ஆஸ்பத்திரிக் கட்டிலில்தான் விஷயம் வெளியே வந்தது.

"ஹாலுக்குள்ள போறப்ப அந்தப் பட்டையைக் கழட்டி செக்யூரிட்டிகிட்டக் குடுத்துட்டுத்தான் கண்ணு போவேன்" என்றார் என்னிடம், சாதாரணமாக.

"ஏனுங்க, காலு நிக்கறதே அந்தக் கதவுலதானுங்க. அங்கயே கழட்டிப்போட்டா அது என்னத்தைப் பாக்கும்?" என்றார் அக்கா.

"அதுக்குள்ள இரும்பு இருக்குமில்ல. கொழந்தைக போடற துணி."

டாக்டரிடம் சொல்லட்டுமா என்று கேட்டேன். "உடு கண்ணு. இனி நான் எந்தக் கதவுக்குப் போவப்போறேன்" என்று சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கம்பெனியில் அவர் இடத்துக்கு அதற்குள் வேறு ஆள் வந்திருந்தார்.

சித்திரையில் அவருடைய போனுக்கு அந்த ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு மெசேஜ் வந்தது. படித்துச் சொல்ல அக்கா என்னைக் கூப்பிட்டார். ஞானசம்பந்தம் இன்னும் கட்டிலிலேயேதான் இருந்தார்.

'பதிவான நேரத்தில் உங்கள் நடையில் தடங்கல் எதுவும் தென்படவில்லை. மருந்தை இதே அளவில் தொடரவும். நன்றி.'

அக்கா எழுந்து உள்ளே போய்விட்டார். ஞானசம்பந்தம் போனைக் கேட்டு வாங்கினார். வெகுநேரம் தேடி, கட்டைவிரலை உயர்த்திக் காட்டும் படத்தைக் கண்டுபிடித்து அழுத்தினார். விரல் நடுங்க நடுங்க, அது ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டே இருந்தது.