ரோஜாக் அண்ணே போட்ட அம்மா வேஷம்

எங்கள் ஊர் ஆயர் ஈத்தாம் சைபர் கஃபேக்குள் நுழைந்தாலே ஏர்கான் குளிரும் மீ கோரிங் நூடுல்ஸ் வாசமும் சேர்ந்து முகத்தில் அடிக்கும்... கீபோர்டில் பாதி எழுத்து அழிந்திருக்கும்.

எனக்கு அப்போது இருபத்தொரு வயது. வேலை முடிந்தால் நேராக அங்கேதான். சுவரோரம் கடைசி கம்ப்யூட்டர்.

என்னைப் போல் பையன்களையே நேசிக்கும் தமிழ்ப் பையன்களுக்கு ஒரு சாட் குரூப் இருந்தது. சொந்தப் பெயர் யாருக்கும் கிடையாது, எல்லாம் தின்பண்டப் பெயர். நான் அப்பம் பாலிக். செபராங் ஜெயாவில் இருந்த மூத்தவர் ரோஜாக் அண்ணே.

குரூப்பில் ஒரு வழக்கம். வீட்டில் உண்மையைச் சொல்லப் போகிறவன் முதலில் அங்கே ஒத்திகை பார்க்க வேண்டும். அம்மா வேஷம் எப்போதும் ரோஜாக் அண்ணேதான்.

என் முறையும் வந்தது. "வீட்டை விட்டுப் போடா" என்று அம்மா சொல்லிவிட்டால்? எனக்கு அந்த ஒரே பயம்தான்.

அண்ணே விளாசித் தள்ளினார்.

"எவன்டா ஒன்னக் கெடுத்தான்?"

"மாதா கோயில்ல எப்படிடா தல காட்டுவேன்?"

"வா, ஃபாதரப் பாக்கலாம்!"

ஒவ்வொன்றுக்கும் பதில் எழுதி, பிரிண்ட் எடுத்து, மனப்பாடம் செய்தேன். பரீட்சைக்குக்கூட அப்படிப் படித்ததில்லை.

ஞாயிறு பூசை முடிந்து வந்து அம்மா வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். சொல்லிவிட்டேன்.

கத்தி நின்றது...

"இத்தன நாளா ஒண்டியாவா இருந்தே?"

சட்டைப்பையில் இருந்த தாளைத் தொட்டுப் பார்த்தேன். அந்தக் கேள்வி அதில் இல்லை.

"இல்லம்மா... கம்ப்யூட்டர்ல கொஞ்ச பேரு இருக்காங்க."

"நல்லா இருக்கட்டும் அவங்க" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். வெங்காயம் என்றும் சொல்லலாம்.

அதோடு எல்லாம் சரியாகிவிடவில்லை. ஒரு மாதம் சரியாக முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனால் ஒரு வேளைகூட எனக்குச் சோறு போடாமல் இருந்ததில்லை.

இப்போது அந்த சைபர் கஃபே இல்லை. குரூப் போனுக்குள் வந்துவிட்டது. தம்பிகள் சொந்தப் பெயர், சொந்தப் படத்தோடு வருகிறார்கள். கொஞ்சம் பொறாமைதான்... ஆனாலும் வீட்டில் சொல்வதென்றால் அதே நடுக்கம், அதே ஒத்திகை. அம்மா வேஷம் மட்டும் இப்போது எனக்கு.

போன வாரம் பத்து காவான் ஊர்த் தம்பி ஒருவனுக்காக அந்த வேஷத்தில் டைப் செய்துகொண்டிருந்தேன். பக்கத்தில் இருந்த அம்மா எட்டிப் பார்த்தார்.

"இப்டியா ஒரு அம்மா பேசுவா? போன இங்க குடு லா."

தம்பியிடம் கேட்டேன். "குடுங்கண்ணே" என்றான்.

அம்மா ஒற்றை விரலால் தட்டினார். "ஒண்டியாவா இருந்தே, கண்ணு?"

பதில் வர வெகு நேரமானது. அதுவரை அம்மா போனைத் திருப்பித் தரவில்லை.