நட்சத்திரம் தெரியாத வேட்பாளர்

மெல்பேர்னில் வோட்டுப் போடாவிட்டால் தண்டம் அடிப்பார்கள். அதனால் போவோம், பள்ளிக்கூட வாசலில் பாணுக்குள் வைத்து விற்கும் சொசேஜைத் தின்போம், வீட்டுக்கு வருவோம். இரண்டாயிரத்து எட்டில் அமெரிக்காவில் அண்ணன் வீட்டுக்குப் போனபோதுதான், வோட்டுப் போடச் சொல்லி வீடு வீடாகக் கெஞ்சுகிற சனத்தைப் பார்த்தேன். முற்றமெல்லாம் வேட்பாளர்களின் பெயர்ப் பலகைகள். மெல்பேர்னில் எங்கள் வெரிபீப் பகுதியில் வீடு விற்கத்தான் அப்படிப் பலகை நடுவார்கள்.

கெஞ்சியவர்களில் அண்ணனும் அண்ணியும் இருந்தார்கள். எங்கள் தங்கச்சி, புருசன், இரண்டு பிள்ளைகளோடு இலங்கையில், வன்னியில் ஷெல்லடிக்குள் கிடந்தாள். ஜனாதிபதித் தேர்தலில் நின்ற அந்த இளம் வேட்பாளர் வென்றால் சண்டையை நிறுத்துவார் என்று அண்ணன் நம்பினான். அவன் மட்டுமா? எங்கள் சனத்தில் பாதி நம்பியது.

நானும் துண்டுப்பிரசுரத்தோடு நடந்தேன். ஒரு வீட்டில் கதவைத் திறந்த கிழவி, எனக்கு இங்கே வோட்டு இல்லை என்றதும், பிறகு ஏன் வெயிலில் அலைகிறாய் என்று கேட்டாள். தங்கச்சி சண்டைக்குள் இருக்கிறாள் என்றேன். இலங்கை எங்கே இருக்கிறது என்றாள். சொன்னேன். ஒரு தண்ணீர்ப் போத்தல் தந்தாள். அந்த நாட்டில் எங்களுக்குக் கிடைத்த உதவி அவ்வளவுதான்.

ஒரு கூட்டத்துக்கும் போய்க் கால் கடுக்க நின்றோம். பெற்றோல் விலை, ஆஸ்பத்திரிச் செலவு, வேலை என்று அவர் பேசினார். நன்றாகத்தான் பேசினார்.

"எங்களைப் பற்றி ஒண்டும் சொல்லேல்லையே அண்ணை?"

"விசரா, உதெல்லாம் மேடையில சொல்லுவினமே? வெல்லட்டும், பிறகு பார்."

அடுத்த நாள் கோயிலில் அண்ணி அவர் பெயருக்கு அர்ச்சனை செய்யக் கேட்டாள். ஐயர் நட்சத்திரம் கேட்டார்.

"பிறந்த திகதி இன்டர்நெற்றில கிடக்கு ஐயா. நேரம்தான் தெரியாது."

"அப்ப சுவாமி பேரில செய்வம். அவருக்கு விளங்கும்."

"எதுக்கும் மற்ற வேட்பாளருக்கும் ஒண்டு செய்து வையுங்கோ," என்றார் பின்னால் நின்ற ஒருவர். எல்லோரும் சிரித்தோம்.

அந்தக் கிழமை தங்கச்சி போன் எடுத்தாள். சண்டை இல்லாத வவுனியாப் பக்கம் வெளிக்கிட ஒரு வழி இருக்கிறது, இப்போது விட்டால் கிடைக்காது என்றாள். "வெளிக்கிடு," என்றேன். அண்ணன் போனைப் பறித்தான்.

"அவன்ர கதையைக் கேளாத. வழியில பிள்ளையளுக்கு ஏதும் நடந்தா என்ன செய்வாய்? இவர் வரப்போறார். கொஞ்சம் பொறு."

மூத்தவன் சொல்லை அவள் ஒருநாளும் தட்டியதில்லை. "ஓம் அண்ணை," என்றாள்.

அவர் வென்றார். நான் மெல்பேர்னுக்குத் திரும்பியிருந்தேன். அண்ணன் போனில் சந்தோசத்தில் அழுதான். தைப்பொங்கலுக்குப் பிறகு தங்கச்சியிடமிருந்து போன் வரவேயில்லை. மே மாதம் சண்டை முடிந்தது என்றார்கள். முகாம் முகாமாக விசாரித்தோம். நாலு பேரில் ஒருவரையும் கண்டவர் இல்லை.

அந்த வேட்பாளர் எங்களுக்கு எந்த வாக்கும் தரவில்லை. பொய் சொன்னது அவரில்லை. எங்களுக்கு நாங்களே சொன்னோம்.

"நாலு பேருக்கும் அர்ச்சனை செய்துவிடு," என்றான் அண்ணன். இங்கே மெல்பேர்னில் கேரம் டவுன்ஸ் கோயிலுக்குப் போனேன். ஐயர் பெயர், நட்சத்திரம் கேட்டார். நாலும் எனக்குத் தெரியும். சின்னவள் பிறந்த நேரம்கூடத் தெரியும். ஆனால் உயிரோடு இருப்பவர்களுக்குத்தானே அர்ச்சனை.

"சொல்லுங்கோ," என்றார் ஐயர். பின்னால் ஆட்கள் நின்றார்கள்.

"சுவாமி பேரில செய்யுங்கோ," என்றேன்.