வக்கீலம்மாவின் வாய்ப்பூட்டு

அந்த மழலையர் பள்ளியின் ஆயாவுக்கு ‘வக்கீலம்மா’ என்று யார் பெயர் வைத்தார்களோ, பொருத்தமாகத்தான் வைத்திருந்தார்கள். வாய் திறக்காத பிள்ளைகளுக்கெல்லாம் அவள்தான் வாய். ஒரு பையன் முட்டியை இடுக்கிக்கொண்டு நின்றால், “அவனுக்கு அவசரம்” என்பாள். ஒருத்தி உதட்டைப் பிதுக்கினால், “டீச்சர், அவ பென்சிலைப் பிடுங்கிட்டாங்க” என்று வழக்கைத் தொடங்கிவிடுவாள். தம்பி தங்கைகளை இடுப்பில் சுமந்து வளர்த்தவள். அழுகையைக் கேட்டே பசியா தூக்கமா என்று சொல்லிவிடுவாள். படிப்பு ஏறவில்லை, இது மட்டும் ஏறியது. அதில் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. இருக்கட்டுமே, வேறு எதில்தான் காட்டுவாள்?

இந்த வருஷம் அவளைப் பாடாய்ப் படுத்தியது சிட்டு. மூன்றரை வயது. காது நன்றாகக் கேட்கிறது என்று டாக்டர் சொல்லியாகிவிட்டது. வீட்டில் எப்போதாவது ‘அப்பா’ என்பாளாம். இங்கே அதுவும் இல்லை. விடுமுறைக்குள் தனக்கு வேண்டியதை வாயால் கேட்கப் பழகாவிட்டால், கூட்டாளிகளெல்லாம் மேல் வகுப்புக்குப் போக, இவள் மட்டும் மறுபடி சின்னதுகளோடுதான் உட்கார வேண்டும் என்று பெரிய டீச்சர் சொல்லிவிட்டார். சிட்டுவின் அப்பா பஸ் கண்டக்டர். தினமும் சாயங்காலம் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே கேட்பார்: “இன்னைக்கு ஏதாச்சும் பேசினாளாங்க?” அந்த நேரம் நெருங்கினாலே வக்கீலம்மா துடைத்த மேசையையே திரும்பத் துடைப்பாள்.

பேச்சுப் பயிற்சி தரும் அம்மா ஒருவர் வந்தார். காலை முழுக்க மூலையில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, “அவ கண்ணைத் திருப்புறதுக்குள்ள தண்ணி வந்துடுது, பொம்மை வந்துடுது. நீங்க அவ்ளோ நல்லா புரிஞ்சுக்கிறீங்க. அப்புறம் அவ எதுக்குங்க பேசணும்?” என்று சிரித்தார். “அவ எதைப் பாக்குறாளோ, அதோட பேரைச் சொல்லுங்க. சொல்லிட்டுக் காத்திருங்க. ஒரு சின்னச் சத்தம் வந்தாலும் சந்தோஷமா எடுத்துக் குடுங்க.”

வக்கீலம்மாவுக்குச் சுருக்கென்றது. பாராட்டா, திட்டா? காத்திருப்பது என்ன லேசுப்பட்ட காரியமா? பஸ்ஸுக்குக்கூடக் காத்திருக்கப் பொறுக்காமல் அடுத்த நிறுத்தம் வரை நடந்துவிடுகிறவள் அவள். வீட்டில் பழகிப் பார்ப்போமே என்று புருஷனிடம் ஆரம்பித்தாள். அந்த மனுஷன் ஒரு வாக்கியத்தை முழுசாக முடித்தே பல வருஷம் ஆகியிருந்தது. “இந்தச் சட்டையில...” என்று இழுத்தார். ‘பட்டன் போச்சு’ என்று நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கிக்கொண்டு நின்றாள். கடைசியில் அவர் பயந்துபோய், “ஏன், உடம்பு கிடம்பு சரியில்லையா?” என்றார்.

பள்ளியில் அது சிரிப்பாக இல்லை. சிட்டு கை நீட்டுவாள். “பந்து” என்று சொல்லிவிட்டு வக்கீலம்மா நிற்பாள். கை பரபரக்கும். பிள்ளையின் முகம் வாடியதும் பொறுக்காமல் எடுத்துக் கொடுத்துவிட்டு, பிறகு தன்னையே திட்டிக்கொள்வாள். விடுமுறையோ நெருங்கிக்கொண்டிருந்தது.

அன்று சாயங்காலம் பிள்ளைகள் ஒவ்வொருவராகக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். சிட்டு அலமாரியின் மேல்தட்டைக் காட்டினாள். அங்கே மணல் விளையாட்டு வாளிகள். கேட்பது, தினமும் தூக்கிக்கொண்டு திரியும் ஓட்டை நீல வாளியை, வக்கீலம்மாவுக்கா தெரியாது? “வாளி,” என்றாள். காத்திருந்தாள். சிட்டு அவள் சேலையைப் பிடித்து இழுத்தாள். காலைத் தரையில் உதைத்தாள். கண்ணில் நீர் கட்டியது.

வக்கீலம்மா கைகளை முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டாள். இனி ஒரு நொடி தாங்காது என்று தோன்றியபோது, யாரும் சொல்லித்தராத ஒரு பொய்யைச் சொன்னாள். “ஆயாக்குத் தெரியலையே, செல்லம்.”

சிட்டு அவளை ஏற இறங்கப் பார்த்தாள். அந்நேரம் வாசலில் அப்பா வந்து நின்றார். ஓடிப்போய் அவர் பேன்ட்டைப் பிடித்துக்கொண்டு, வக்கீலம்மா பக்கம் விரலை நீட்டினாள்.

“ஆயாக்குத் தெர்ல. வாளி!”

குற்றச்சாட்டேதான், சந்தேகமில்லை. வக்கீலம்மாவுக்கு மானம் போன மாதிரியும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. அப்பா மகளைத் தூக்கிக்கொண்டார். அவர் வாளிகளைப் பார்த்தார். பிறகு வழக்கம்போல ஆயாவைப் பார்த்தார்.

“எந்த வாளிங்க கேக்குறா?”

‘நீல வாளி’ என்று வக்கீலம்மாவுக்கு வாய் வரை வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“எனக்கென்னங்க தெரியும்? அவளையே கேளுங்க.”