கோடாலிச் சத்தம் கேட்ட ஞாயிற்றுக்கிழமை

மலாயாவுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், கிடைத்த மறு வருஷம், மழைக்காலத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் நடந்தது இது. அப்போது நாங்கள் மலாக்கா காஜா பேராங்கில் ஒரு கடைவீட்டு மாடியில் வாடகைக்கு இருந்தோம். கீழே ஒரு பஸ் கம்பெனி. கம்பெனி என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். இரண்டு பஸ், ஒரு மேசை, ஒரு முதலாளி, அவ்வளவுதான். என் வீட்டுக்காரர் அங்கே டிரைவர். எனக்குக் கல்யாணமாகி ஆறேழு மாதம்தான் இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் முதலாளி ஊர்க்காரர்களை ஏற்றி, ஆயர் குரோவுக்கு அப்பால் ஒரு மலைக்காட்டுக்கு உல்லாசப் பயணம் விடுவார். சின்ன அருவி உண்டு. குளித்து, கொண்டுபோன சோற்றைச் சாப்பிட்டு, சாயங்காலம் திரும்பலாம். டிரைவர் பெண்சாதி என்பதால் நானும் ஒட்டிக்கொள்வேன். சுற்றிலும் கித்தா என்கிற ரப்பர்த் தோட்டமாகிவிட்ட அந்தப் பக்கத்தில், வெட்டுப்படாத பெரிய மரங்கள் அந்த மலையில் மட்டும்தான் நின்றன.

அந்த மலை ஒரு மலாய்ப் பெரியவருக்குச் சொந்தம். அவர் மகனோடு சிங்கப்பூருக்குக் குடிபோக முடிவு செய்து, மலையை விற்கப் போவதாகச் சொல்லிவிட்டார். மரம் வெட்டி விற்கும் சீன முதலாளி ஒருவர், தௌகே என்போம், வாங்கத் தயாராக இருந்தார். மலையடியில் இருந்த கம்பத்து மக்களோ, அந்தக் கிராமத்தார், தங்கள் வயலுக்கு வரும் ஓடைத் தண்ணீர் போய்விடும் என்று பயந்து, நாங்களே வாங்கிக்கொள்கிறோம், தவணை கொடுங்கள் என்று கேட்டார்கள். பெரியவரும் கொடுத்தார். ஆனால் அவர்களால் முழுத் தொகையையும் புரட்ட முடியவில்லை.

இதைக் கேள்விப்பட்ட எங்கள் முதலாளி, குறைவதை நிரப்பிக் கொடுக்க, பஸ்ஸில் டிரைவர் பக்கத்தில் ஒரு பிஸ்கட் தகர டின்னைக் கட்டிவைத்தார். பயணிகள் விரும்பியதைப் போடலாம். ஞாயிறு வசூலில் ஒரு பங்கை அவரும் போடுவார். "எதுக்கு முதலாளி இதெல்லாம்?" என்று யாராவது கேட்டால் மறைக்காமல் சொல்வார். "மல போச்சுன்னா அருவி போச்சு. அருவி போச்சுன்னா என் ஞாயித்துக்கெழம பஸ்ஸு காலி லா!"

தவணையின் கடைசி நாள்தான் அந்த ஞாயிறு. மத்தியானத் தொழுகைக்கு முன் பணம் வராவிட்டால் மலை தௌகேக்கு என்று பேச்சு. டின்னை எடுத்துக்கொண்டு முதலாளியும் எங்களோடு பஸ்ஸில் ஏறினார்.

காலையிலேயே எனக்கு நிலைகொள்ளவில்லை. முந்திய இரவு முழுக்க மழை. வழியெல்லாம் செம்மண் தண்ணீர். எதிரே வரும் ஒவ்வொரு சைக்கிள்காரரிடமும் என் வீட்டுக்காரர் பஸ்ஸை நிறுத்தி, முன்னால் ரோடு எப்படி என்று கேட்டார். கடைசியில் கம்பத்துக்கு முன்னால் இருந்த பலகைப் பாலம் தெரியவே இல்லை. அதன்மேல் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

தண்ணீர் வடியட்டும் என்று காத்திருந்தோம். வடியவில்லை. நான் இறங்கிப் பார்ப்பதும் ஏறி உட்காருவதுமாக இருந்தேன். பஸ்ஸுக்குள் பேச்சு தடித்தது.

"குளிக்கத்தானே வந்தோம்? திரும்பிப் போவோம்" என்றார் பின்சீட்டில் இருந்த ஒருவர். "காட்டுக்குப் போயி காசு குடுக்குறாங்களாம். தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்குக் குடுத்தா நம்ம பிள்ளைங்களாவது படிக்கும்."

அவர் சொன்னது எனக்குத் தப்பாகப் படவில்லை. ஆனாலும், இத்தனை மாதம் இத்தனை பேர் போட்டது ஒரு பாலத்தோடு நின்றுவிடுமா என்று மனம் அடித்துக்கொண்டது. என் வீட்டுக்காரர் கைலியை மடித்துக் கட்டி, ஒரு கம்பை ஊன்றி நடந்து பார்த்தார். பலகை உறுதியாக இருந்தது. தண்ணீர் முழங்காலுக்குத்தான் வந்தது.

"பஸ் போவாது. ஆளு போலாம்" என்றார்.

முதலாளிக்கு ஒரு கால் சரியாக வராது. என் வீட்டுக்காரர் டின்னைத் தலையில் வைத்து, ஒரு கையால் அவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல இறங்கினார். பின்னாலேயே நாங்கள் கைகோத்துக் கடந்தோம். திரும்பிப் போவோம் என்றவரும் வந்தார், முணுமுணுத்துக்கொண்டே.

அக்கரையில் முதலாளியின் மெதுவான நடைக்கு ஏற்ப நடக்க எனக்குப் பொறுமையில்லை. நான் முன்னால் போய்ப் பெரியவரிடம் சொல்லி வைக்கிறேன் என்று விறுவிறுவென்று நடந்தேன். வெயில் ஏறிவிட்டது. மணி என்னவென்று கேட்க வழியில் ஆளில்லை. அப்போதுதான் மலைப் பக்கமிருந்து அந்தச் சத்தம் வந்தது. டொக். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி டொக்.

கோடாலி! பெரியவர் வீட்டை மறந்துவிட்டுச் சத்தம் வந்த திசையில் ஓடினேன். செருப்பு சேற்றில் மாட்டிக்கொண்டது. அதை விட்டுவிட்டே ஓடினேன். ஓடிப் போய் என்ன செய்வேன் என்று எனக்கே தெரியாது.

காட்டு ஓரத்தில் நான்கைந்து ஆட்கள். ஒரு பெரிய மரத்தின் அடியில் வெள்ளையாக வெட்டு விழுந்திருந்தது. பேச வாய் திறந்தேன், மூச்சு வரவில்லை. கண் இருட்டிக்கொண்டு வந்தது. அப்படியே அந்த மரத்தின் வேரில் உட்கார்ந்துவிட்டேன். அதை ஏதோ வீரம் என்று பிற்பாடு பஸ்ஸில் பேசினார்கள். சத்தியமாக இல்லை. என்னால் நிற்க முடியவில்லை, அவ்வளவுதான்.

"தங்கச்சி! தள்ளு, தள்ளு! மரம் வெட்டுற எடம்!" என்று கத்திக்கொண்டு ஒருவர் ஓடி வந்தார். வெட்டுகிறவர்களை மேற்பார்க்கும் மண்டோர், தமிழர். நாற்பது வயதிருக்கும். என் வெறுங்காலையும் நனைந்த சேலையையும் பார்த்ததும் அவர் குரல் இறங்கியது. "என்னா ஆச்சு? எங்கேருந்து வர்ற?"

"காஜா பேராங்ணே... மலைய வாங்க காசு... பின்னால கொண்டாறாங்க. பாலத்துல தண்ணி..."

அவர் பாதையைப் பார்த்தார். பஸ்காரர்கள் ஒவ்வொருவராக வந்துகொண்டிருந்தார்கள். வந்தவர்கள் என்னைச் சுற்றி மரத்தடியிலேயே நின்றுகொண்டார்கள்.

கோடாலி வைத்திருந்த ஒருவர் கேட்டார். "மத்தியானம் ஆயிருச்சுண்ணே. தௌகே வர்றதுக்குள்ள ஒரு மரமாவது சாச்சிருக்கணும்னாரே?"

"ஆளு நிக்கிற எடத்துல நான் மரம் சாய்க்கிறது இல்ல" என்றார் மண்டோர். "கோடாலியக் கீழ போடு."

"தௌகே வந்து கேட்டா?"

"நான் பேசிக்கிறேன்."

சொல்லிவிட்டு அவரும் எதிர் வேரில் உட்கார்ந்து சுருட்டுப் பற்றவைத்தார். எனக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுத்தார். எனக்கோ ஒவ்வொரு நிமிடமும் முள்ளாகக் குத்தியது. தௌகே முதலில் வந்துவிட்டால்? இவர் மனம் மாறிவிட்டால்?

முதலாளியும் என் வீட்டுக்காரரும் நேரே பெரியவர் வீட்டுக்குப் போயிருந்தார்கள். பெரியவர் தொழுது முடித்து எழும்போது டின் அவர் வாசலில் இருந்தது. கம்பத்தார் சேர்த்ததோடு அது கணக்குக்குச் சரியாக வந்தது. தவணை தவறிவிட்டதுதான். ஆனால் அவர் இன்னும் தௌகேயிடம் பணம் வாங்கவில்லை. தௌகேயின் மோட்டார் காடியும் அதே பாலத்துத் தண்ணீரில் மாட்டிக்கொண்டிருந்தது! தண்ணீரில் நடந்து வந்தவர்களுக்கே என் மலை என்று பெரியவர் சொன்னாராம். முதலாளி அதைச் சொல்லும்போது அழுதுவிட்டார்.

செய்தி மரத்தடிக்கு வந்ததும் எல்லோரும் சிரித்தோம். பள்ளிக்கூடத்துக்குக் கொடுக்கலாம் என்றவர்தான் முதலில் அருவியில் இறங்கினார்.

மண்டோரும் ஆட்களும் சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். எங்களோடு பஸ்ஸில் வந்துவிடுங்கள் என்று என் வீட்டுக்காரர் கூப்பிட்டார்.

"இவனுங்கள ஏத்திக்கிட்டுப் போங்க" என்றார் அவர். "நான் இருந்து தௌகேகிட்ட சொல்லிட்டுத்தான் வரணும்."

பஸ் நின்ற கரையில் தௌகே காலிலிருந்து கழற்றிய சப்பாத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். எங்கள் யாரையும் அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. அந்த முகத்தைப் பார்த்தபோதுதான், தனியாக அவருக்காகக் காத்திருக்கும் மண்டோரை நினைத்து வந்த வழியைத் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். நன்றி என்று ஒரு வார்த்தை சொன்னேனா என்றுகூட ஞாபகம் இல்லை. பிறகு பல ஞாயிறுகள் போனோம். அவரைப் பற்றி நாங்கள் விசாரிக்காத ஆளில்லை. யாருக்கும் தெரியவில்லை.

இப்போதெல்லாம் எத்தனையோ சுற்றுலாக் கம்பெனிகள் காட்டைக் காப்பாற்ற நன்கொடை வாங்குகின்றன. பிள்ளைகளோடு போகும்போது நானும் போடுகிறேன். போடும்போதெல்லாம் மனம் அமைதியில்லாமல் அந்த மனிதரிடமே போய் நிற்கிறது. அன்றைக்கு நாங்கள் கொடுத்தது எங்களுக்கு மிஞ்சியதிலிருந்துதான், அவர் எதைக் கொடுத்தார் என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.